மாணவர்களோடு இங்கிலாந்தில் ஏழு நாள்: வாடகை பஸ்ஸா, ரயிலா, இரண்டுமா?

கணக்கு இதுதான்: 14, 15 வயது மாணவர்கள் 30 பேர், ஆசிரியர்கள் 4 பேர், கையில் ஏழு நாள். பார்க்க ஆசைப்படும் இடங்கள் லண்டன், பழங்காலக் கல்வட்டமான ஸ்டோன்ஹெஞ்ச், பாத், ஆக்ஸ்ஃபோர்டு, ஷேக்ஸ்பியரின் ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டு, யார்க், கேம்பிரிட்ஜ். இவற்றைச் சுற்றிவர மூன்று வழிகள் உண்டு. முதல் நாள் ஏறிய பஸ்ஸிலேயே ஏழு நாளும் ஊர் ஊராகப் போய்த் தங்குவது ஒன்று. எல்லாவற்றையும் ரயிலிலேயே முடிப்பது இரண்டாவது. லண்டனில் ஒரே விடுதியில் தங்கி, சில நாள் பஸ், சில நாள் ரயில் என்று போய்த் திரும்புவது மூன்றாவது.

எங்கள் பரிந்துரை மூன்றாவது வழிதான். ஆனால் மாணவர்களின் வயதோ எண்ணிக்கையோ மாறினால் இந்த விடையும் மாறும். அதனால் காரணங்களைத் தெரிந்துகொண்டு உங்கள் குழுவுக்கு நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஒரு சொல் விளக்கம். டிரைவரோடு வாடகைக்கு எடுக்கும் பெரிய பஸ்ஸை இங்கிலாந்தில் ‘கோச்’ என்பார்கள். நமக்கு கோச் என்றால் ரயில் பெட்டி என்பதால் இங்கே ‘வாடகை பஸ்’ என்றே எழுதுகிறோம். ஆசிரியரே மினிபஸ் ஓட்டிப் போகலாமே என்ற யோசனையை இப்போதே ஒதுக்கிவிடலாம். சாதாரண கார் உரிமம் டிரைவரைத் தவிர 8 பயணிகள் வரைதான் செல்லும். நாள் முழுக்க வண்டி ஓட்டியவர் மாலையில் பிள்ளைகளைக் கவனிக்கும் நிலையிலும் இருக்க மாட்டார்.

டிரைவரின் கடிகாரம்

வாடகை பஸ்ஸில் போகத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் தூரத்தைப் பார்க்கிறார்கள், டிரைவரின் வேலை நேரத்தைப் பார்ப்பதில்லை. பயணத் திட்டங்கள் அதிகம் உடைவது அங்கேதான்.

பிரிட்டனில் இந்த பஸ்களுக்குப் பொருந்தும் விதிகள் கண்டிப்பானவை. ஒரு நாளில் 9 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. வாரத்தில் இரண்டு நாள் மட்டும் 10 மணி நேரம் வரை போகலாம். நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தே ஆக வேண்டும். 24 மணி நேரத்துக்குள் தொடர்ச்சியாக 11 மணி நேரம் ஓய்வு வேண்டும்; வாராந்திர ஓய்வு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே மூன்று முறை மட்டும் அதை 9 மணி நேரமாகக் குறைத்துக்கொள்ளலாம். அதாவது, டிரைவர் வேலையைத் தொடங்கிய நொடியிலிருந்து 13 மணி நேரத்துக்குள், மிஞ்சிப்போனால் 15 மணி நேரத்துக்குள், அவருடைய நாள் முடிந்தாக வேண்டும்.

அவருடைய வேலை உங்கள் விடுதி வாசலில் தொடங்குவதில்லை, பஸ் நிறுத்தும் இடத்தில் தொடங்குகிறது. காலை 7:30-க்கு உங்களை ஏற்றிக்கொள்ள அவர் 6:45-க்கே வண்டியைச் சோதித்துக் கிளப்பியிருப்பார். 13 மணி நேரக் கணக்கில் இரவு 7:45-க்குள் உங்களை இறக்கிவிட்டு வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தியும் ஆக வேண்டும். காலையில் ஸ்டோன்ஹெஞ்ச், மதியம் பாத், இரவு லண்டனில் நாடகம் பார்த்து 10:30-க்கு அதே பஸ்ஸில் விடுதிக்கு என்று திட்டம் போட்டால் 15 மணி நேரமும் தாண்டிவிடும். டிரைவர் மறுத்துவிடுவார். அவர் மறுப்பதுதான் சரி. களைத்த டிரைவரிடம் முப்பது பிள்ளைகளை ஒப்படைக்க எந்த ஆசிரியருக்கும் மனம் வராது.

ஏழு நாள் சுற்றுக்கு இன்னொரு சிக்கலும் இருக்கிறது. பொது விதிப்படி ஆறு 24-மணிநேரங்கள் முடிவதற்குள் டிரைவரின் வாராந்திர ஓய்வு தொடங்கியாக வேண்டும், குறைத்தாலும் அது 24 மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது. ஆகவே ஒரே டிரைவர் ஏழு நாளும் ஓட்ட முடியாது. நடுவில் பஸ் தேவைப்படாத ஒரு நாள் வைக்க வேண்டும், இல்லையென்றால் மாற்று டிரைவருக்குக் காசு கொடுக்க வேண்டும். நிறுவனம் தரும் விலைப்பட்டியலில் இது தெளிவாக எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிரைவரின் அறை, சாப்பாடு, பார்க்கிங், சுங்கம் எல்லாம் வாடகைக்குள் அடக்கமா, தனியா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நேரடியாக பஸ் நிறுவனத்திடம் எடுத்தால் இவ்வகைப் பயணி வாகன வாடகைக்கு வாட் வரி பூஜ்யம். விலைக்கு மேல் 20 சதவீதம் போட்டிருந்தால் காரணம் கேளுங்கள்.

ஏழு நாளும் பஸ்

லண்டன், ஸ்டோன்ஹெஞ்ச், பாத், ஆக்ஸ்ஃபோர்டு, ஸ்ட்ராட்ஃபோர்டு, யார்க், கேம்பிரிட்ஜ், மீண்டும் லண்டன் என்று சுற்றினால் ஏறக்குறைய 1,000 கி.மீ. ஸ்ட்ராட்ஃபோர்டு–யார்க், யார்க்–கேம்பிரிட்ஜ் இரண்டும் தலா 250 கி.மீ. அளவில் வரும். பஸ்களுக்கு மணிக்கு 62 மைல், அதாவது 100 கி.மீ. என்ற வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியிருப்பார்கள். ஓய்வுநேரமும் சேர்ந்து ஒவ்வொரு பயணமும் அரை நாளை விழுங்கிவிடும். ஜன்னலுக்கு வெளியே அந்த நேரம் முழுக்க மோட்டார்வே மட்டும்தான் தெரியும்.

சாலையை விட அதிக நேரம் போவது விடுதி மாற்றுவதில். காலையில் 30 பேர் சூட்கேஸ் கட்ட வேண்டும், அறைகளைச் சரிபார்க்க வேண்டும், சாவிகளை எண்ணிக் கொடுக்க வேண்டும், ‘சார், என் சார்ஜர்’ என்று மாடிக்கு ஓடும் இருவருக்காக மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். ஒரு மாற்றத்துக்கு ஒரு மணி நேரம் சாதாரணமாகப் போகும். நாலு முறை மாற்றினால் ஒரு முழு மதியத்தை இழந்த கணக்கு.

ஆனாலும் பஸ்ஸுக்கு ரயிலால் ஈடு செய்ய முடியாத ஒரு நன்மை இருக்கிறது. கதவை மூடிவிட்டால் உள்ளே இருப்பவர்கள் உங்கள் பிள்ளைகள் மட்டுமே. இருக்கைக்கு ஒருவர் என்று முதல் நாளே எழுதிவைத்தால், காலியாக இருக்கும் இருக்கையே யார் இல்லை என்று சொல்லிவிடும். மழைக்கோட்டு, மதியச் சாப்பாடு, மருந்துப் பை எல்லாம் வண்டியிலேயே கிடக்கும். மாணவர்களின் வயது 11-க்குக் கீழே என்றாலோ, சக்கர நாற்காலியில் வரும் மாணவர் இருந்தாலோ நாங்களும் பஸ் பக்கமே சாய்வோம். சக்கர நாற்காலி ஏற்றும் லிஃப்ட் எல்லா வண்டியிலும் இருக்காது. பதிவு செய்யும் அன்றே கேட்டுவிட வேண்டும்.

எல்லாம் ரயில்

ரயிலின் பலம் யார்க்கில் தெரியும். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து யார்க் ஏறக்குறைய 2 மணி நேரம். வேகமான வண்டிகள் அதற்கும் சற்றுக் குறைவாகவே எடுத்துக்கொள்ளும். அதே தூரம் பஸ்ஸில் ஒரு வழிக்கே நாலரை மணி நேரத்துக்கு மேல். போக வர 9 மணி நேரம் தாண்டும் என்பதால் ஒரே டிரைவரை வைத்து ஒரே நாளில் போய்த் திரும்புவதை மறந்துவிடலாம். ரயிலில் காலை 8 மணிக்குக் கிளம்பினால் 10 மணிக்கு யார்க். மாலை 6 மணிக்கு ஏறினால் இரவு 8 மணிக்கு லண்டன். நடுவே எட்டு மணி நேரம் கையில் இருக்கும். ஸ்டேஷனிலிருந்து நடக்கிற தூரத்தில் தேசிய ரயில்வே அருங்காட்சியகம், அனுமதி இலவசம். 1938 ஜூலை 3-ஆம் தேதி மணிக்கு 126 மைல் வேகம் தொட்டு நீராவி எஞ்சின்களில் உலக சாதனை படைத்த ‘மல்லார்ட்’ அங்கேதான் நிற்கிறது. ஊரைச் சுற்றிய பழைய மதில்மேல் ஏறி நடக்கலாம், மின்ஸ்டர் தேவாலயத்தின் கிழக்குச் சாளரத்தைப் பார்க்கலாம்; 1405 முதல் 1408 வரை வேலை நடந்த வண்ணக் கண்ணாடி அது. பஸ்ஸே வேண்டாம்.

பாத்தும் ரயிலுக்கு ஏற்ற ஊர்தான். பாடிங்டனிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம், ஸ்டேஷனிலிருந்து ரோமானியக் குளியல் மண்டபம் பத்து நிமிட நடை. ஆக்ஸ்ஃபோர்டு ஒரு மணி நேரம். கேம்பிரிட்ஜும் கிங்ஸ் கிராஸிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிடும், ஆனால் ஸ்டேஷனிலிருந்து கல்லூரிகள் இருக்கும் பகுதிக்கு ஏறக்குறைய 2 கி.மீ. நடக்க வேண்டும்.

ரயில் காலை வாருவது ஸ்டோன்ஹெஞ்சில். அங்கே ஸ்டேஷன் கிடையாது. வாட்டர்லூவிலிருந்து சால்ஸ்பரிக்கு ஒன்றரை மணி நேரம், அங்கிருந்து சுற்றுலா பஸ்ஸில் அரை மணி நேரத்துக்கு மேல். வந்து இறங்கும் பார்வையாளர் மையத்திலிருந்து கற்கள் இருக்கும் இடம் இன்னும் ஒன்றரை மைல். அதற்கு உள்ளே ஓடும் சிறிய பஸ் தனி. மூன்று வண்டியிலும் 34 பேருக்கு இடம் பிடிக்க வேண்டும், மூன்று முறை தலை எண்ண வேண்டும். ஸ்ட்ராட்ஃபோர்டும் அப்படித்தான்: மேரில்போனிலிருந்து 2 மணி நேரம் ஆகும், நேரடி வண்டிகள் குறைவு, மற்றவற்றில் நடுவில் இறங்கி மாற வேண்டும். காட்ஸ்வோல்ட்ஸ் கிராமங்களைப் பார்க்க ஆசை இருந்தால் ரயிலை நம்பவே வேண்டாம்.

ரயிலில் சூட்கேஸ் தனிப் பிரச்சினை. பெட்டியின் ஓரத்தில் சில அடுக்குகள்தான் இருக்கும். 34 பெரிய சூட்கேஸ் என்றால் நடைபாதை அடைத்துக்கொள்ளும், மற்ற பயணிகள் முகம் சுளிப்பார்கள், அடுத்த ஸ்டேஷனில் இறங்குபவர் இறங்க முடியாமல் தவிப்பார். ஊர் ஊராகத் தங்கிப் போகும் பயணத்துக்கு ரயில் ஒத்துவராததற்கு இதுவே போதுமான காரணம்.

ஞாயிற்றுக்கிழமைகளிலும் பொது விடுமுறை வார இறுதிகளிலும் தண்டவாளப் பராமரிப்பு வேலை நடக்கும். ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், இரண்டு மணி நேரப் பயணம் நாலு மணி நேரமாகும். நீண்ட ரயில் பயணத்தைச் செவ்வாய், புதன், வியாழனில் வையுங்கள். டிசம்பர் 25 அன்று ரயிலே ஓடாது.

காசு எங்கே கூடுகிறது

பஸ்ஸுக்கு வண்டிக்குத்தான் வாடகை, ரயிலுக்குத் தலைக்குக் கட்டணம். 49 இருக்கை பஸ்ஸில் 34 பேர் போனாலும் 45 பேர் போனாலும் வாடகை அதேதான். ரயிலில் ஆள் கூடக் கூடச் செலவும் கூடும்.

ரயிலில் வயதும் கணக்கை மாற்றும். 5 முதல் 15 வயது வரை பாதிக் கட்டணம். நம் குழுவில் 30 மாணவர் பாதிக் கட்டணத்தில் என்றால் 15 முழு டிக்கெட், ஆசிரியர் 4, ஆக 19 முழுக் கட்டணம். அதே மாணவர்கள் எல்லோருக்கும் 16 வயது நிரம்பியிருந்தால் 34 முழுக் கட்டணம். செலவு ஏறக்குறைய 1.8 மடங்கு. 16, 17 வயதினருக்குப் பாதிக் கட்டணம் தரும் சலுகை அட்டை உண்டு என்றாலும் அதைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும், ஒரே ஒரு பயணத்துக்கு அது பெரும்பாலும் கட்டாது. எனவே விலை கேட்கும் முன், பயணத் தேதியன்று ஒவ்வொரு மாணவருக்கும் என்ன வயது என்று ஒரு பட்டியல் போடுங்கள். பதிவு செய்த அன்று 15 ஆக இருந்து, பயணத்தன்று 16 ஆகிவிட்டவர் குழந்தை டிக்கெட்டில் போகக் கூடாது.

குறிப்பிட்ட ஒரு வண்டிக்கு மட்டும் செல்லும் ‘அட்வான்ஸ்’ டிக்கெட்தான் நீண்ட தூரத்துக்கு மலிவு. வழக்கமாக 12 வாரம் முன்பு விற்பனைக்கு வரும். மலிவு விலையில் சில டிக்கெட்டுகள்தான் இருக்கும், அவை தீர்ந்தால் அடுத்த விலை. 34 டிக்கெட்டை ஒரே மொத்தமாகக் கேட்டால் எல்லாவற்றுக்கும் மேல் விலையே வரக்கூடும். ஏழு, எட்டுப் பேராகப் பிரித்துக் கேட்டால் முதல் சிலருக்கு மலிவு விலை கிடைக்கும். ஆனால் இருக்கைகள் சிதறிவிடும் ஆபத்து உண்டு. 10 பேரோ அதற்கு மேலோ போகும் குழுக்களுக்கு ரயில் நிறுவனங்களிலேயே தனிப் பிரிவு இருக்கிறது. முதலில் அங்கே விலை கேளுங்கள், பிறகு பிரித்துப் போட்டால் என்ன வருகிறது என்று ஒப்பிடுங்கள். வித்தியாசம் சிறிது என்றால் எல்லோரும் ஒரே பெட்டியில் இருப்பதையே தேர்ந்தெடுங்கள்.

குழு சிறிதாக, 3 முதல் 9 பேருக்குள் இருந்தால், நெரிசல் இல்லாத நேரத்துக்கான ‘குரூப்சேவ்’ சலுகையில் பெரியவர்களுக்கு மூன்றில் ஒரு பங்கு குறையும். மொத்தம் பதினைந்து பேருக்குள் என்றால் டிரைவரோடு 16 இருக்கை மினிபஸ்ஸையும் ரயிலையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பெரிய பஸ் வேண்டாம். 25-க்கு மேல் போனால், ஒரே நாளில் இரண்டு இடம் பார்க்கும் பயணங்களுக்கு பஸ்தான் சிக்கனம்.

எங்கள் தேர்வு: லண்டனில் தங்கி, மேற்கே பஸ், வடக்கே ரயில்

சூட்கேஸ்கள் ஏழு நாளும் ஒரே அறையில் கிடக்கும். விமான நிலையத்திலிருந்து வரவும் போகவும் பஸ் எடுங்கள். காலை நெரிசலில் 34 சூட்கேஸோடு பாதாள ரயிலில் ஏறுவது யாருக்கும் நல்லதில்லை. பிறகு இரண்டே நாள் பஸ், யார்க்குக்கு ஒரு நாள் ரயில். மற்ற நாட்கள் லண்டனுக்குள் நடையும் பாதாள ரயிலும். லண்டன் நடுவே பஸ் நிறுத்த இடம் கிடைப்பது கடினம், நெரிசலில் டிரைவரின் மணி நேரமும் வீணாகும். பிரிட்டிஷ் அருங்காட்சியகம், இயற்கை வரலாற்று அருங்காட்சியகம், அறிவியல் அருங்காட்சியகம், தேசிய ஓவியக் கூடம் எல்லாவற்றுக்கும் பொது அனுமதி இலவசம். குழுவாகப் போனால் மட்டும் முன்பதிவு செய்ய வேண்டும்.

முதல் பஸ் நாள் ஸ்டோன்ஹெஞ்சும் பாத்தும். காலை 7:30-க்குக் கிளம்பி எம்3 சாலையில் ஃப்ளீட் ஓய்விடத்தில் நிறுத்தினால், 34 பேர் கழிப்பறை போய்வர அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 15 நிமிடம் என்று சொல்லும் திட்டத்தை நம்ப வேண்டாம். ஸ்டோன்ஹெஞ்சில் நேரம் குறித்த அனுமதி, 11 மணிக்குப் பதியலாம். முன்பதிவு செய்யும் கல்விக் குழுக்களுக்குக் கட்டணமில்லாத திட்டம் உண்டு, அதன் நிபந்தனைகள் உங்கள் பள்ளிக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஏ303 சாலை அந்த இடத்தில் இருபக்கமும் ஒரே தடமாகச் சுருங்குகிறது. அங்கே சுரங்கப்பாதை அமைக்கும் திட்டத்தை அரசு 2024 ஜூலையில் கைவிட்டுவிட்டதால் நெரிசல் தொடரும். கோடையில் வெள்ளி, சனி போகாதீர்கள்.

அங்கிருந்து பாத் 55 கி.மீ. 2021 மார்ச் முதல் அந்த ஊர் மையத்தில் தூய காற்று மண்டலம் இருக்கிறது. வண்டிப் புகைக்கான யூரோ 6 தரத்துக்குக் கீழான பஸ்ஸுக்கு நாளொன்றுக்கு 100 பவுண்டு கட்டணம். லண்டனிலும் இதுபோன்ற விதி உண்டு. ‘வண்டி யூரோ 6-ஆ?’ என்ற ஒரு கேள்வியை நிறுவனத்திடம் கேட்டுவிட்டால் இரண்டும் தீரும். பாத்திலிருந்து மாலை 5 மணிக்குக் கிளம்பினால் எம்4-இல் ஒரு நிறுத்தத்தோடு லண்டன் சேர 8 மணி ஆகிவிடும். மேலே சொன்ன 13 மணி நேரத்தைத் தாண்டுகிறது அல்லவா? ஆகவே டிரைவரின் மூன்று குறைந்த ஓய்வுகளில் ஒன்று அன்றைக்குச் செலவாகும். நிறுவனத்திடம் முன்கூட்டியே சொல்லுங்கள், மறுநாள் பஸ் வைக்காதீர்கள்.

இரண்டாவது பஸ் நாளில் ஸ்ட்ராட்ஃபோர்டை முதலில் பாருங்கள், ஆக்ஸ்ஃபோர்டைத் திரும்பும் வழியில். பலரும் பக்கத்தில் இருப்பதை முதலில் பார்க்கிறார்கள், அது தவறு. ஷேக்ஸ்பியர் பிறந்த வீடு மாலையில் மூடிவிடும். அறைகள் சிறியவை, பத்துப் பத்துப் பேராகத்தான் வசதியாக உள்ளே போகலாம். ஆக்ஸ்ஃபோர்டின் தெருக்களும் கல்லூரி முகப்புகளும் மாலை வெயிலில்தான் அழகு. பிள்ளைகள் களைத்த நேரத்தில் மிச்சமிருக்கும் தூரமும் 160 கி.மீ. இல்லாமல் 90 கி.மீ. ஆகிவிடும்.

கேம்பிரிட்ஜை விட்டுவிடுங்கள். ஆக்ஸ்ஃபோர்டு பார்த்த பிறகு இன்னொரு கல்லூரி நகரத்துக்குப் போவதை விட, லண்டனில் ஓர் ஓய்வான அரைநாள் பிள்ளைகளுக்கு அதிகம் பயன்படும்.

ஏறுவதும் இறங்குவதும்

பாதாள ரயிலில் ஒரே வங்கி அட்டையைத் தட்டி 34 பேரை உள்ளே விட முடியாது, ஆளுக்கு ஒரு அட்டை வேண்டும். 11 முதல் 15 வயது வரை வெளியூர் மாணவர்களின் ஆய்ஸ்டர் அட்டையில் (லண்டன் போக்குவரத்துக்கான பயண அட்டை) ‘யங் விசிட்டர்’ சலுகையை ஸ்டேஷன் ஊழியர் ஏற்றிக்கொடுப்பார். 14 நாள் வரை பாதிக் கட்டணம். இதற்கு முதல் நாளே நேரம் ஒதுக்குங்கள்.

ஒரு விதியை முதல் நாள் காலையில் எல்லோரையும் வாய்விட்டுச் சொல்ல வையுங்கள்: கதவு மூடி நீ மட்டும் வண்டிக்குள் போய்விட்டால் அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அந்த பிளாட்ஃபார்மிலேயே நில், நீ மட்டும் பிளாட்ஃபார்மில் நின்றுவிட்டால் நகராதே, ஆசிரியர் திரும்பி வருவார். இரண்டில் எதுவானாலும் பிள்ளை நகரக் கூடாது. தேடுபவர் ஒருவர்தான் நகர வேண்டும்.

யார்க்கிலிருந்து திரும்பும்போது இன்னும் கவனம் வேண்டும். கிங்ஸ் கிராஸில் வண்டி கிளம்புமிடம் என்பதால் நிதானமாக ஏறலாம். யார்க்கில் அது நடுவழி ஸ்டேஷன். வண்டி சில நிமிடம்தான் நிற்கும். 30 மாணவரையும் பத்துப் பத்தாக மூன்று குழுவாக்கி, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கதவு, ஒரு ஆசிரியர் என்று பிரியுங்கள். டிக்கெட்டில் எழுதியுள்ள பெட்டி எழுத்து பிளாட்ஃபார்மில் எங்கே வந்து நிற்கும் என்று ஊழியரிடம் கேட்டு, வண்டி வர பத்து நிமிடம் இருக்கும்போதே அங்கே போய் நில்லுங்கள். நுழைவாயிலில் 34 டிக்கெட்டையும் ஒவ்வொன்றாகச் செருக வேண்டாம், குழு என்று சொன்னால் அகலக் கதவைத் திறந்து எண்ணி விடுவார்கள். டிக்கெட்டுகள் காகிதத்தில் இருக்கட்டும், ஒரே போனில் இருந்தால் சார்ஜ் தீர்ந்த நிமிடத்தில் எல்லோரும் வெளியே நிற்க நேரும். முதல் மூன்று ஆசிரியர்கள் தங்கள் பத்துப் பேருக்கு முன்னால் ஏறி இருக்கைகளைக் காட்டட்டும். நாலாமவர் பிளாட்ஃபார்மில் நின்று, மூன்று கதவிலிருந்தும் ‘பத்து’ என்ற கை அடையாளம் வந்த பிறகு கடைசியாக ஏறட்டும்.